பெரட்டுக்களத்தில் கேட்கக் கூடாத கேள்வி

அனுப்புநர்:
க. வேலாயி (கந்தப்பன் மனைவி),
கொழுந்து பறிக்கும் தொழிலாளி,
மேற்கணக்கு, ஊசிக்கல் தோட்டம்,
கொத்மலை.

பெறுநர்:
சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்,
நுவரெலியா.

பொருள்: பூச்சி மருந்து கொடுக்கும் நாளில், பிள்ளை உண்டாகியிருக்கும் பெண்களை எல்லார் முன்னிலையிலும் கை தூக்கச் சொல்வதை நிறுத்தி, வேறு வழி செய்து தருமாறு கேட்டுக்கொள்வது.

கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு,

1. மேலே கண்ட விலாசத்தில் வசிக்கும் நான் வணக்கத்துடன் அறியத்தருவது யாதெனில்: நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். டவுனில் மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். ஆனால் இது அவர் முன்னால் உட்கார்ந்து சொல்லக்கூடிய விஷயம் அல்ல. ஆகையால் என் கணவர் தொழிற்சங்கத்துக்கு வந்த பழைய கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து, மனு இன்ன மாதிரி இருக்க வேண்டும் என்று காட்ட, நானே எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்தருள வேண்டும். கோபத்தில் ஏதும் எழுதியிருந்தால் அதையும் பொறுத்தருள வேண்டும்.

2. எங்கள் தோட்டத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை பூச்சி மருந்து கொடுப்பார்கள். வெறுங்காலோடு நடக்கிற எங்களுக்கு வயிற்றில் கொக்கிப்புழு உண்டாகி இரத்தத்தைக் குடித்துவிடுகிறது என்பதும், அதற்கு இந்த மருந்து நல்லது என்பதும் எனக்குத் தெரியும். மருந்து வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அது கொடுக்கப்படும் இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். காலையில் தப்பு அடித்ததும் ஆணும் பெண்ணும் கூடி நின்று, இன்னாருக்கு இன்ன மலை என்று வேலை பிரித்துக்கொள்ளும் பெரட்டுக்களத்தில்தான் அதைக் கொடுக்கிறார்கள். குடித்தால்தான் அன்றைக்குப் பேரு, அதாவது சம்பளம். அடுத்த மருந்து நாள் தீபாவளி கழிந்த வாரத்தில் வருகிறது. அதற்கு முன்பாக இந்த மனு தங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டு தபாலில் சேர்க்கிறேன்.

3. எனக்குக் கலியாணமான மறுவருஷம் ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. மாதம் நிறையாமல் பிறந்து, அன்றைக்கே போய்விட்டது. அப்போது என்னைப் பார்த்த பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா, என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "உன் உடம்புல ஓடுறது ரத்தமா, வெறும் சாயத்தண்ணியாம்மா?" என்று கேட்டார். பிறகு என் கணவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். அடுத்த பிள்ளைக்கு அவசரப்படக் கூடாது, ஒரு வருஷமாவது போகட்டும், பிள்ளை வந்த பிறகு சாப்பிடத் தொடங்கினால் போதாது, வருமுன்னே உடம்பைத் தேற்ற வேண்டும், கீரை, பருப்பு, முட்டை, முடிந்தால் பால், காலுக்குச் செருப்பு, பாரம் தூக்கக் கூடாது, ஆம்பிளையும் சாராயத்தை விட வேண்டும் என்றார். ஆம்பிளையை உட்கார வைத்து இப்படிச் சொன்ன டாக்டரை, ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்தில் யாரும் அதற்கு முன் கண்டதில்லை.

4. ஐயா, நாங்கள் அப்படியே செய்தோம். என் கணவர் சம்பள நாளில் சாராயக்கடைப் பக்கம் போவதை விட்டார். லயத்துக்குப் பின்னால் மண்ணைக் கொத்திக் கீரை போட்டார். ஒரு கோழி வாங்கினார். அது கட்டிலுக்கு அடியில்தான் முட்டை போடுவேன் என்று பிடிவாதம் பிடித்தது. முட்டையை அவித்துக் கொடுத்துவிட்டு, நான் தின்று முடிக்கும்வரை எதிரில் குந்தியிருப்பார். கண்ணை எடுத்தால் பாதியை அவர் தட்டில் தள்ளிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். மலைத்தண்ணீர் விழும் பீலியிலிருந்து தண்ணீர்க் குடத்தையும் அவரே தூக்கி வந்தார். ஆம்பிளை குடம் தூக்கினால் சும்மா விடுவார்களா? "என்னா கந்தப்பா, வளைகாப்பு உனக்கா அவளுக்கா?" என்று கேட்டார்கள். என் மாமியார் பேச்சியம்மாவுக்கும் முதலில் இது பிடிக்கவில்லை. "புள்ள உண்டாகவே இல்ல, அதுக்குள்ள பத்தியமா? புள்ள பொறக்குமுன்ன பேரு வச்ச கதையால்ல இருக்கு" என்று முணுமுணுத்தார். பிறகு அவரே கீரையை ஆய்ந்து கொடுக்கத் தொடங்கினார்.

5. கக்கூசுக்குப் போகும்போது டயர் செருப்புப் போட்டுக்கொண்டேன். அதற்குப் பட்ட கேலி கொஞ்சம் அல்ல. பக்கத்துக் காம்பராவில் இருக்கும் ராக்காயி அக்கா, கைம்பெண், வாயைத் திறந்தால் சிரிப்புத்தான். நான் செருப்போடு போகும்போதெல்லாம் கையைக் கட்டி ஓரமாக ஒதுங்கி நின்று, "வழி விடுங்கடி, தொரசாணி போறாக!" என்பாள். எனக்கும் சிரிப்பு வரும். அவள் கெட்ட மனசுக்காரி இல்லை என்பதைத் தாங்கள் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அவள் பேர் மறுபடியும் வரப்போகிறது.

6. இந்த வருஷம் மாசி மாதத்தில் எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. என் கணவருக்கும் மாமியாருக்கும் மட்டுமே தெரியும். எங்கள் ஜனங்களிடையே மூன்று மாதம் முடியாமல் அதை வெளியே சொல்வதில்லை. சொன்னால் கண்பட்டுத் தங்காது என்பார்கள். இதைத் தாங்கள் மூடநம்பிக்கை என்று நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையைப் புதைத்தவளுக்கு எதைத்தான் நம்பாமல் இருக்க முடியும்?

7. அந்த மாதத்திலேயே மருந்து நாளும் வந்தது. டிஸ்பென்சர் பத்திநாதன் ஐயா கேட்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். மேசைமேல் மருந்தை வைத்துக்கொண்டு, "முழுகாம இருக்கிற பொம்பளைங்க குடிக்கக் கூடாது, யாராச்சும் இருந்தா கையைத் தூக்குங்க" என்று உரக்கக் கேட்டார். கங்காணி நிற்கிறார், கணக்கப்பிள்ளை நிற்கிறார், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போகும் ஆம்பிளைகள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். என் மாமனாரும் நிற்கிறார். எந்தப் பெண் தூக்குவாள் ஐயா? ராக்காயி அக்கா தூக்கினாள். மருந்து கசப்பு, தப்பித்துக்கொள்ளலாம் என்று விளையாட்டாகத் தூக்கினாள். மாயாண்டி கங்காணி, "அடி ஆத்தே, புருசன் போயிப் பத்து வருசமாச்சு, ஒனக்கு எந்தச் சாமிடி வரம் குடுத்துச்சு?" என்றார். களமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு, தூக்கலாமா என்று நினைத்திருந்த கைகூடக் கீழேதான் கிடந்திருக்கும்.

8. என் கணவரால் பொறுக்க முடியவில்லை. ஆம்பிளைகள் வரிசையிலிருந்து முன்னால் வந்து, "ஐயா, ஒடம்புக்கு முடியாதவங்களும் குடிக்கணுமுங்களா?" என்று கேட்டார். "யாருக்கு முடியல?" என்றார் டிஸ்பென்சர் ஐயா. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மனுஷன் என்னைப் பார்த்தார், தன் அப்பாவைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "எனக்குத்தாங்க, வயித்தால போகுது" என்றார். "சரி, நீ குடிக்க வேணாம், அப்பிடி நில்லு" என்று அவரை ஒதுக்கிவிட்டார்கள். அவர் குடிக்கவில்லை. நான் குடித்தேன்.

9. மூன்றாம் நாள் எல்லாம் போயிற்று. மருந்தினால்தான் போயிற்று என்று நான் சத்தியம் செய்ய முடியாது. டாக்டரம்மாவும் அப்படிச் சொல்லவில்லை. "இந்த நேரத்துல அதக் குடிச்சிருக்கக் கூடாதும்மா" என்று மட்டும் சொன்னார். நாங்கள் சேர்த்த கீரையும் முட்டையும் செருப்பும் கேலியும் எல்லாம் ஒரே ஒரு காலையில் வீணாய்ப் போயின. என் கணவர் அன்று முழுவதும், "எனக்கு வயித்தால போகுதுன்னேனே, எனக்கு வயித்தால போகுதுன்னேனே" என்று சொல்லிச் சொல்லித் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். அவரைத் தேற்றுவதே எனக்குப் பெரிய வேலையாயிற்று.

10. விஷயம் தெரிந்ததும் டிஸ்பென்சர் ஐயா எங்கள் காம்பரா வாசலில் உள்ள இஸ்தோப்புக்கு வந்தார். பாய் போட்டும் உட்காரவில்லை. "சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். மறுநாள் ஒரு டின் பால்மா கொடுத்தனுப்பினார். எனக்கோ ஆத்திரம் பொங்கியது. எங்கே சொல்வது? எப்படிச் சொல்வது? கங்காணியிடமா? ஆனாலும் அவரும் பிள்ளைகளைப் பெற்றவர், என் முன்னால் நிமிர்ந்து நிற்க முடியாமல் நின்றார். அவர்மீது நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். ராக்காயி அக்கா ஒரு மாதம் எனக்குச் சோறு ஆக்கிப் போட்டாள். இப்போது அவளும் ஒரு டயர் செருப்பு வாங்கிவிட்டாள்.

11. எங்கள் பகுதிக்கு வரும் மிட்வைஃப் சுகிர்தம் அம்மா நல்லவர். "மருந்து குடிக்க வேணாம்னு நான் ஒரு சீட்டு எழுதித் தாரேன்" என்கிறார். அந்தச் சீட்டு கங்காணியின் கைவழியாகத்தான் டிஸ்பென்சர் ஐயாவிடம் போகும். கங்காணி கைக்குப் போனது லயத்துக்கே போனது மாதிரி. வேலைக்கு வராமல் படுத்துக்கொண்டாலோ லயத்துக்கே ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். இதற்கு மேல் அதிகாரம் உள்ள ஒருவர் சொன்னால்தான் நடக்கும் என்று சொல்லி, தங்கள் விலாசத்தைத் தந்தவரும் சுகிர்தம் அம்மாவே.

12. ஆகவே தங்களிடம் நான் பணிவாகக் கேட்பவை:

(அ) கை தூக்கச் சொல்லும் கேள்வியைப் பெரட்டுக்களத்தில் இனிமேல் யாரும் கேட்கக் கூடாது. மருந்து நாளுக்கு முன்னதாக மிட்வைஃப் அம்மா காம்பரா காம்பராவாக வந்து, அடுப்படியில் உட்கார்ந்து, பெண்ணுக்குப் பெண்ணாகக் கேட்கட்டும். உண்டானவளை மட்டுமல்ல, நாள் தள்ளி, உண்டாகியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டிருப்பவளையும் விட்டுவிட வேண்டும்.

(ஆ) பெண்களுக்கு மருந்தை வரிசையில் நிறுத்திக் கொடுக்காமல், டிஸ்பென்சரிக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கொடுத்தால், குடித்தது யார், குடிக்காதது யார் என்று வெளியே தெரியாது. குடிக்காதவளுக்கும் அன்றைக்குப் பேரு வெட்டக் கூடாது. பேரு வெட்டினால், அதை வைத்தே ஊர் கண்டுபிடித்துவிடும்.

(இ) பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் புருஷன் பெண்சாதி இருவரையும், உண்டாகுமுன்பே கூப்பிட்டு, பூச்சி மருந்தை அப்போதே கொடுத்து, டாக்டரம்மா எங்களுக்குச் சொன்னதை எல்லாருக்கும் சொல்ல வேண்டும். ஆம்பிளைகளையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். அவர்களுக்குச் சொன்னால் கேட்பார்கள் ஐயா. என் வீட்டில் கேட்டார்.

13. கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று விளக்கைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போயிருக்கிறது. போன தடவை சொன்னேனே என்று இந்தத் தடவை மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. என் கணவருக்குத் தெரியும், இப்போது தங்களுக்குத் தெரியும். தீபாவளி கழிந்து அந்த மேசையைப் பெரட்டுக்களத்தில் மறுபடியும் கொண்டுவந்து போடுவார்கள். அன்றைக்கும் அதே கேள்வியை அதே களத்தில் கேட்டால், எனக்குத் தைரியம் வருமா என்று எனக்கே தெரியாது. ஆகையால் மாசி மாதத்தில் நான் தூக்காத கையை இந்தக் கடுதாசியில் தூக்குகிறேன். ஐயா அவர்கள் அதைப் பார்த்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும்.

பதிலைத் தோட்டத்து விலாசத்துக்கு அனுப்பாமல், சுகிர்தம் அம்மா மூலமாக அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துக்கு வரும் கடிதத்தைக் கங்காணி வாசித்துக் காட்டித்தான் கொடுப்பார். மூன்று மாதம் முடியும்வரை தாங்களும் தயவுசெய்து யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
க. வேலாயி

இடம்: ஊசிக்கல் தோட்டம், மேற்கணக்கு
திகதி: 18.10.1961