பேசினால் ஏறும் எண்

என் கண்ணு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் தம்பியும் நலம். அப்பாவும் நலம் என்று இந்த வாரம்தான் எழுத முடிகிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாயா? போனில் தம்பி அரைகுறையாய்ச் சொல்லியிருப்பான், நான் பேச வந்தால் அழுகைதான் முந்திக்கொண்டு வருகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் தையல் கடையில் கிடக்கிற அந்த ஆடுகிற ஸ்டூல் உனக்குத் தெரியும். மாற்றுங்கள் மாற்றுங்கள் என்று நான் கத்தியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. டியூப்லைட் மாட்ட அதிலேயே ஏறியிருக்கிறார் புண்ணியவான். விழுந்ததில் மிஷின் விளிம்பில் தலை மோதிவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்பார்கள், இவர் தலைப்பாகைக்கு எங்கே போவார்? ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நீ யார் என்று என்னைக் கேட்டார், அப்புறம் அதுகூடக் கேட்கவில்லை. மண்டைக்குள் கட்டிய ரத்தத்தை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அடிபட்ட மூளை வீங்குமாம், மண்டை ஓடு அதற்கு இடம் கொடுக்காதாம், உள்ளே அழுத்தம் ஏறினால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். அதை அளக்க மண்டையில் சின்னத் துளை போட்டு நூல் மாதிரி ஒரு கம்பியை உள்ளே விட்டு, கட்டிலுக்கு மேலே ஒரு திரையில் எண் தெரிகிற மாதிரி வைத்தார்கள். இருபதைத் தாண்டி அப்படியே நின்றால் மருந்து, அதற்கும் அடங்காவிட்டால் மண்டை ஓட்டில் ஒரு பக்கத்தையே கழற்றி வைக்க வேண்டியிருக்கும் என்றார்கள்.

என்னைத்தான் உனக்குத் தெரியுமே, உள்ளே விட்டதும் பக்கத்தில் போய், என்னங்க, நான் வந்திருக்கேன், கண்ணத் திறங்க, யாரு உங்கள அந்த ஸ்டூல்ல ஏறச் சொன்னா என்று ஆரம்பித்துவிட்டேன். பதினாறில் இருந்த எண் இருபத்து நாலுக்கு ஏறியது. பயந்துபோய் வாயை மூடினேன், மெல்ல இறங்கியது. மறுநாளும் அதே கதை. நர்ஸ் பெண் என் தோளைத் தொட்டு, உங்க குரல் அவருக்கு எட்டுதும்மா, ஆனா இப்போதைக்கு மூளை சும்மா கிடக்கணும், கோவிச்சுக்காதீங்க என்றாள். எனக்கா கோபம்? அட மனுஷா, இத்தனை வருஷம் காதே கேட்காத மாதிரி துணி வெட்டிக்கொண்டிருந்தது நடிப்பா என்று சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து வெளியே ஓடிவிட்டேன்.

அதற்கப்புறம் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன், தம்பியாலேயே நம்ப முடியவில்லை. கழுத்து கோணினால்கூட ஏறுமாம், கையைத் தொடவும் பயம். எண்ணையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வழியாக அது பன்னிரண்டு பதின்மூன்றிலேயே நிற்க ஆரம்பித்தது. கம்பியை எடுத்து, மயக்க மருந்தையும் குறைத்தார்கள். கண் திறந்தார், ஆனால் பேச்சு இல்லை. வரலாம், தாமதமாகலாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். என்னை அடையாளம் தெரிகிறதா என்றுகூடத் தெரியாமல் நான் செத்துப் பிழைத்தேன். கம்பி போன பிறகும் பழகிய பயத்தில் நான் வாய் திறக்கவில்லை. நேற்று என்னையே வெகுநேரம் பார்த்தார், உதடு அசைந்தது, குனிந்து கேட்டேன். ஏன் பேச மாட்டேங்கிற, உனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்! ஆரம்பித்தேன் பார், இங்க இன்னும் நாலு பேஷண்ட் இருக்காங்கம்மா என்று நர்ஸ் பெண் கெஞ்சுகிற வரைக்கும் நிறுத்தவில்லை.

வலது கையில் இன்னும் பலம் வரவில்லை, கத்தரிக்கோல் பிடிக்க மாதங்கள் ஆகலாமாம். ஆகட்டும். நீ அரக்கப்பரக்க ஓடி வராதே, லீவு கிடைக்கும்போது வா, வீட்டு வாசலில் அப்பாவே நிற்பார். நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு. அலமாரிக்கு எட்ட சக்கரம் வைத்த நாற்காலியில் ஏறி நிற்கிறாயாமே, தம்பி சொன்னான். இனி ஏறாதே. நான் சொன்னால் காதில் விழாத மாதிரி இருப்பது உன் அப்பாவிடமிருந்து வந்த குணம். ஆனால் விழுகிறது என்று எனக்கு இப்போது தெரியும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா