மணி கட்டிய சாமந்தி

ஹாலோவெல் கல்லூரி,
மாசசூசெட்ஸ்.
9 செப்டம்பர் 1981

அன்புத் தோழி ட்விலாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன்! மூன்று நாளாக எழுத உட்காருகிறேன். உட்கார்ந்த மறுநிமிடம் யாராவது கதவைத் தட்டி எங்காவது இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இங்கே எங்கே திரும்பினாலும் மரம். வானத்தைப் பார்க்கக் கழுத்தை ஒடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்க வேண்டியிருக்கிறது. நம் மேற்கு டெக்சஸில் வானத்தைத் தவிர வேறென்னடி இருக்கிறது!

என் அறைத்தோழியின் பெயர் பிம். முழுப்பெயர் ஏதோ நீளமாக இருக்கிறது, அவளே அதை மறந்துவிட்டாள் போலிருக்கிறது. இங்கே எல்லாப் பெண்களுக்கும் நாய்க்குட்டிக்கு வைப்பது போல ஒரு செல்லப்பெயர். தங்கமான பெண், ஆனால் நாக்கு கொஞ்சம் நீளம். நான் முதல் நாள் காலையில் தலைக்கு ஸ்ப்ரே அடிப்பதைக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தவள், "ஏய் மார்லா, அது தலையா, ஹெல்மெட்டா? தட்டிப் பாக்கட்டுமா?" என்றாள். தட்டியும் பார்த்தாள்.

முக்கியமான சேதிக்கு வருகிறேன். கோடை முழுக்க உன் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு நாம் துணிக்கடைக் கேட்டலாகில் தேர்ந்தெடுத்தோமே, அத்தனை உடையையும் முதல் நாளே போட்டுக்கொண்டு போனேன். மார்பில் குட்டி முதலைச் சின்னம் ஒட்டிய இளஞ்சிவப்புச் சட்டை, அதற்கு மேல் பச்சைச் சட்டை, இரண்டு காலரையும் தூக்கிவிட்டு, தோளில் ஸ்வெட்டரை முடிச்சுப் போட்டு, திமிங்கிலம் பின்னிய இடுப்புப் பட்டை, கஞ்சி போட்டு மடிப்பு கத்தி போல நிற்கிற ஜீன்ஸ். படத்தில் இருந்த பெண்ணேதான்! உணவுக்கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயித்துவிட்டோம் ட்விலா என்று மனசுக்குள் குதித்தேன்.

பிறகுதான் பிம் காதில் சொன்னாள்: "உன் துணியெல்லாம் நேத்துதான் பொறந்துச்சாடி? விலைச்சீட்டைக் கிழிச்சியா இல்லையா?"

இங்கே யாரும் புதிது போடுவதில்லையாம். பிம்முடைய ஸ்வெட்டரில் முழங்கை வெளியே எட்டிப் பார்க்கிறது. கழுத்தில் அசல் முத்துமாலை! காலில் முன்பக்கம் பிளந்த தோல் ஷூ, அதைச் சுற்றி வெள்ளி நிற டேப். அவள் வீட்டில் இரண்டு படகு இருக்கிறது. எனக்குத் தலை சுற்றுகிறது. ஆனால் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன் தெரியுமா!

உடனே எழுது. உன் கிறுக்கல் எழுத்துக்கு ஏங்கும்,
மார்லா

*

கால்டர்ஸ் வெல்ஸ்,
டெக்சஸ்.
18 செப்டம்பர் 1981

அடியே மார்லா,

உன் கடிதத்தைக் கடையில் வைத்து உரக்கப் படித்தேன். அம்மா பூ வெட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். முழங்கை கிழிந்த ஸ்வெட்டர்தான் நாகரிகம் என்றால், என் தம்பியை அங்கே அனுப்புகிறேன், ராஜாவாக இருப்பான்.

பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் ஹோம்கமிங் ஃபுட்பால் ஆட்டம் வருகிறது, கடையில் மூச்சுவிட நேரமில்லை. பள்ளியில் இருக்கும் அத்தனை பெண்களுக்கும் அன்று நெஞ்சில் குத்திக்கொள்ளச் சாமந்தி கட்ட வேண்டும். இந்த வருஷம் ஒருத்தி பட்டுச் சாமந்தி மூன்றை ஒன்றாக வைத்து, நடுவில் கரடி பொம்மை உட்காரவைத்து, ரிப்பன் கணுக்கால் வரை தொங்க வேண்டும் என்கிறாள். "நடந்து போவியா, தள்ளுவண்டியில போவியாம்மா?" என்று அம்மா கேட்டார். "மணி மட்டும் கொறைக்காதீங்க ஆன்ட்டி" என்கிறாள் அவள். ஸ்டேப்ளர் அழுத்தி அழுத்தி என் கை மரத்துவிட்டது. போன வருஷம் இதே மேசையில் நீ எதிரே உட்கார்ந்து மணி கோத்துக்கொண்டிருந்தாய். நாற்காலி காலியாக இருக்கிறது. பூனை படுத்திருக்கிறது.

இரவுக் கல்லூரியில் கணக்குப்பதிவு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். ஆசிரியர் தூங்குகிறார், நாங்களும் தூங்குகிறோம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சிரிக்காதே. அங்கே போய் நீ மாறிக்கொள், முத்துமாலை போட்டுக்கொள், காலரைக் காது வரை தூக்கிக்கொள், எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் எங்களை நினைத்து உனக்கு வெட்கமாக இருக்கும் நாள் வந்தால் நேராகச் சொல்லிவிடு. பொய் மட்டும் சொல்லாதே. ஆறாம் வகுப்பிலிருந்து நீ என்னிடம் பொய் சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பெரிய சொத்து.

காலி நாற்காலிக்கு எதிரே இருந்து,
ட்விலா

*

ஹாலோவெல்,
3 அக்டோபர் 1981

என் செல்ல ட்விலா,

வெட்கமா? உன்னை நினைத்தா? போடி பைத்தியம்!

இலையெல்லாம் சிவந்துவிட்டது. ஊரே பற்றி எரிகிற மாதிரி இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்று திட்டு வாங்கினேன். சூப்பில் பாலையும் சிப்பியையும் போடுகிறார்கள், பழகிவிட்டது. மிளகாய் என்றால் என்னவென்று இவர்களுக்குத் தெரியாது. என் அம்மா அனுப்பிய ஊறுகாய் மிளகாயைப் பிம் ஒரு கடி கடித்துவிட்டுத் தாழ்வாரம் முழுக்க ஓடினாள்.

உடை விஷயத்தில் பெரிய முன்னேற்றம். புது ஷூவைக் குளியல் தொட்டியில் இரவு முழுக்க ஊறப்போட்டேன். ஸ்வெட்டர் முழங்கையைச் சுவரில் தேய்த்தேன். பிம் பார்த்துவிட்டுத் தரையில் விழுந்து சிரித்தாள். "லூசு, இது தானா கிழியணும்டி. எங்க அம்மா கோட்டு எங்க பாட்டியோடது தெரியுமா?" புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள். தலைக்கு ஸ்ப்ரே அடிப்பதையும் விட்டுவிட்டேன். மழையில் நனைந்த ஆடு மாதிரி இருக்கிறேன், ஆனால் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

இப்போது கேள், கத்தாதே. இங்கேயும் ஹோம்கமிங் உண்டு! அக்டோபர் இருபத்து நான்கு. பிம்முடைய அம்மா வருகிறார். நேற்று பிம் என்ன சொன்னாள் தெரியுமா? "எங்க அம்மா சாமந்தி இல்லாம ஆட்டத்துக்கு வந்ததே இல்ல. நாமளும் வச்சுக்கலாம் மார்லா."

சாமந்தி, ட்விலா! இங்கே! அப்படியே அவளைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவளுக்கு ஏன் என்று புரியவில்லை. இத்தனை நாள் எல்லாவற்றிலும் நான்தான் தப்பு, இதில் நான் ராணி! "நீ ஒண்ணும் வாங்காதே, எங்க ஊர்லேர்ந்து வரவழைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஒன்று, பிம்முக்கு ஒன்று, அவள் அம்மா திருமதி எல்ஸ்வொர்த்துக்கு ஒன்று. கருஞ்சிவப்பும் வெள்ளையும் எங்கள் நிறம். கஞ்சத்தனம் பண்ணாதே. டெக்சஸ் என்றால் என்னவென்று இவர்கள் பார்க்கட்டும்!

பரபரப்பில் தூக்கம் வராத,
மார்லா

*

கால்டர்ஸ் வெல்ஸ்,
13 அக்டோபர் 1981

என் ராணியே,

பெட்டி இன்று தபாலில் போய்விட்டது. கடை ஜன்னலுக்குக் கண்ணாடி வந்த தட்டையான பெரிய அட்டைப்பெட்டி அது, வேறு எதிலும் அடங்கவில்லை. தபால் அலுவலகத்தில் அதை ஆட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள மாடு கீடு இருக்கா?" என்று கேட்டார்கள். அத்தனை மணி!

மூன்றையும் நானே கட்டினேன். கடை வேலை முடிந்த பிறகு உன் அம்மாவும் வந்து உட்கார்ந்தார். ரிப்பன் பின்னியதெல்லாம் அவர்தான். உன்னுடையதில் கரடிக்குச் சின்னதாக ஒரு ஸ்வெட்டர் பின்னி, காலரைத் தூக்கிவிட்டிருக்கிறேன். நீ சொன்ன மாதிரி முழங்கையும் கிழித்துவிட்டேன்! பெயரையெல்லாம் மினுமினுப்புத் தூளில் எழுதியிருக்கிறோம். பிம் என்று குட்டிப் பெயரை எழுதினால் ரிப்பன் வெறிச்சென்று இருந்தது, அதனால் இரண்டு முறை எழுதினேன். அந்த அம்மாவுடையதுதான் பெரியது, பெரியவர்களுக்கு மரியாதை.

வாசற்படியில் ரிப்பன் மாட்டிக்கொள்ளாமல் பார். போட்டோ எடுத்து அனுப்பு. கடைச் சுவரில் ஆணி அடித்து இடம் ஒதுக்கிவிட்டார் அம்மா.

இங்கிருந்தே மணி ஓசைக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்,
ட்விலா

*

ஹாலோவெல்,
26 அக்டோபர் 1981

அன்புள்ள ட்விலாவுக்கு,

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பெட்டி ஆட்டத்துக்கு வந்து சேரவில்லை. இன்றுதான், திங்கட்கிழமை, வந்தது. தபாலில் எங்கோ சிக்கியிருக்க வேண்டும். எனக்கு எவ்வளவு வருத்தம் தெரியுமா? மூன்றும் மிக அழகு. கரடியைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது.

ஆட்டம் நன்றாக இருந்தது. தோற்றோம், யாரும் கவலைப்படவில்லை. திருமதி எல்ஸ்வொர்த் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து எல்லோருக்கும் சாண்ட்விச் கொடுத்தார். அந்தப் பழைய ஒட்டகநிறக் கோட்டுதான். காலரில் ஒரே ஒரு மஞ்சள் சாமந்தி, உள்ளங்கைகூட இல்லை, குண்டூசியில் குத்தியிருந்தார். ரிப்பன் இல்லை, ஒன்றும் இல்லை. இங்கே எல்லா அம்மாக்களும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது.

படிப்பு நிறைய இருக்கிறது. உன் அம்மாவுக்கு என் நன்றியைச் சொல்.

அன்புடன்,
மார்லா

*

கால்டர்ஸ் வெல்ஸ்,
4 நவம்பர் 1981

மார்லாவுக்கு,

உங்கள் ஊர் நாகரிகத்தில் ஒன்றை நீ எனக்கு எழுத மறந்துவிட்டாய். யார் என்ன கொடுத்தாலும் உடனே உட்கார்ந்து நன்றிக் கடிதம் எழுதிவிடுவார்களாமே. பெட்டியில் இருந்த கடை முகவரியைப் பார்த்துப் பிம் எனக்கு எழுதியிருக்கிறாள். நல்ல தடித்த காகிதம்.

அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "வியாழக்கிழமை வந்த அந்தப் பெரிய பெட்டியில் துணி இருப்பதாக மார்லா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஷூவைத் தேடி அவள் கட்டிலுக்கடியில் கையை விட்டேன், மணி அடித்தது. கையில் பட்ட ரிப்பனை இழுத்துப் பார்த்தால் என் பெயர், இரண்டு முறை! என் வாழ்நாளில் யாரும் எனக்காக இப்படி ஒன்றைச் செய்ததில்லை. அன்று முழுக்கப் போட்டுக்கொண்டிருந்தேன். மார்லா அழுகிறாள், காரணம் சொல்லமாட்டேன் என்கிறாள்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முழுச் சாமந்தியைக் கட்டிலுக்கடியில் மறைத்தவள் நீதான்.

அந்த அம்மாவின் காலரில் இருந்த குட்டிப் பூவைப் பார்த்ததும் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நானாக இருந்தாலும் பூமிக்குள் போயிருப்பேன். "ட்விலா, தப்பாகப் புரிந்துகொண்டேன், என்னால் போட முடியவில்லை, சிரித்துவிடுவார்கள்" என்று எழுதியிருந்தால் நானும் அம்மாவும் உன் அம்மாவும் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம். ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்போம்.

நீ பொய் சொன்னாய். நான் கேட்டுக்கொண்ட ஒன்றே ஒன்று அது.

அங்கே பழையதற்குத்தான் மதிப்பு என்று எழுதினாயே. நீ கொண்டுபோனதெல்லாம் புதிது. உன்னிடம் இருந்த ஒரே பழைய பொருள் நான்தான். என்னைத்தான் கட்டிலுக்கடியில் தள்ளியிருக்கிறாய்.

உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. தாமதமாகப் போய்ச் சேர்ந்தது என்றுதான் சொன்னேன். உன்னால் நானும் பொய் சொன்னேன்.

சுவரில் ஆணி அப்படியே இருக்கிறது.

ட்விலா

*

ஹாலோவெல்,
16 நவம்பர் 1981

ட்விலா, ட்விலா, ட்விலா,

கிழித்துப் போட்டுவிடாதே, முழுக்கப் படி.

எனக்கு வெட்கமாக இருந்தது. உன்னை நினைத்து இல்லை என்று எழுத ஆரம்பித்தேன், அதுவும் பொய், அடித்துவிட்டேன். எல்லாவற்றையும் நினைத்துத்தான். நம் ஊர், மணி, மினுமினுப்பு, என் ஜீன்ஸின் மடிப்பு, எல்லாம். ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான் பிம்மிடம் துணி என்று சொல்லிப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன், ஆட்டத்தன்று காலை முழுக்க "மத்தியானம் ஒரு ஆச்சரியம் இருக்கு" என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா எங்கள் அறை ஜன்னலுக்குக் கீழே வண்டியிலிருந்து இறங்கினார். பூவைப் பார்த்தேன். பெட்டியை இன்னும் உள்ளே உதைத்துத் தள்ளினேன். உன் மணி உள்ளே ஒரு தடவை கிணுகிணுத்தது. அதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று அழுதேன். மறுநாள் பிம்மிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, கோபப்பட்டாள்! "அப்போ எங்க அம்மாவுக்கு ஒண்ணு இருந்துச்சா? அதையும் ஒளிச்சு வச்சியா? எங்க அம்மா உன்னைக் கொன்னுடுவாங்க!" என்று அப்போதே ஓடிப்போய் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

சனிக்கிழமை கடைசி ஆட்டம். கொட்டுகிற மழை. நான் ஒன்றரை மாதமாகத் தொடாத ஸ்ப்ரேயை எடுத்துத் தலைக்கு அடித்தேன், ஜீன்ஸுக்குக் கஞ்சி போட்டேன், சாமந்தியை மாட்டிக்கொண்டேன். படிக்கட்டில் இறங்கும்போதே கட்டிடம் முழுக்கக் கதவு திறந்தது. மைதானம் வரை மணி அடித்துக்கொண்டே போனேன். கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள் ட்விலா, நான் உனக்கு அழகாகப் பூசி மெழுக விரும்பவில்லை. ஒரு பையன் எழுந்து, "ஏம்மா, மாடு தொலைஞ்சு போச்சா?" என்று கத்தினான்.

எங்கிருந்து வந்ததோ தெரியாது, "தொலைச்சது நான்தான், இப்பத்தான் கிடைச்சுது!" என்று திருப்பிக் கத்தினேன். அவன் பக்கத்தில் இருந்தவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். என் முகம் எரிந்தது. ஆனால் உட்காரவில்லை.

பிறகு திருமதி எல்ஸ்வொர்த் வந்தார். கையை நீட்டினார். "எங்கே என்னோடது?" ஒரு புன்னகைகூட இல்லை. அந்தப் பாட்டி காலத்துக் கோட்டில் உன் மிகப்பெரிய சாமந்தியைக் குத்திக்கொண்டு, முதுகு நிமிர்த்தி, ஆட்டத்தின் நான்கு கால்பகுதியும் நின்றார். நாங்கள் பந்தைப் பிடித்த ஒவ்வொரு தடவையும் மணியை ஆட்டினார்! கருஞ்சிவப்புச் சாயம் மழையில் கரைந்து கோட்டில் வழிந்தது. நான் பதறினேன். குனிந்து பார்த்தவர், "இருக்கட்டும். என் பேத்தி கேட்டா சொல்றதுக்கு ஒரு கதை வேணுமில்ல" என்றார்.

ஜெயித்தோம்! தொண்டை கட்டிவிட்டது, அதனால்தான் எழுத்திலும் கத்துகிறேன்.

போட்டோ உள்ளே இருக்கிறது. ஆணியில் மாட்டுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். என் அம்மாவிடம் உண்மையை நானே எழுதிவிட்டேன், உன் பொய் இனி உன் தலையில் இல்லை. மன்னிப்பாயா என்று கேட்கத் தைரியமில்லை. டிசம்பர் பத்தொன்பது மாலை பேருந்தில் வருகிறேன். மன்னிக்காவிட்டாலும் நிறுத்தத்துக்கு வா, வந்து திட்டு. தேட வேண்டாம். கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுவேன்.

உன்னுடைய, பழைய,
மார்லா

*

(அஞ்சலட்டை)

கால்டர்ஸ் வெல்ஸ்,
1 டிசம்பர் 1981

அடியே,

இன்னும் கோபம் இருக்கிறது. நேரில் திட்டத்தான் வருகிறேன், சேர்த்து வைத்திருக்கிறேன்.

போட்டோவை மாட்டியாயிற்று. வருகிறவர்களெல்லாம் கோட்டுப் போட்ட அந்த அம்மா யார் என்று கேட்கிறார்கள், எங்கள் வாடிக்கையாளர் என்கிறார் அம்மா.

இந்த வாரம் முழுக்க எனக்கென்று ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். உன்னுடையதைவிடப் பெரிது. பேருந்து நிறுத்தத்தில் யார் காதில் யார் முதலில் விழுகிறோம் என்று பார்த்துவிடுவோம்.

ட்விலா