கையில் கட்டிய காலடிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். காய்ச்சல் விட்டதா, சாப்பாடு இறங்குகிறதா என்று அம்மாவை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதினால் "நல்லா இருக்கேன்" என்பதைத் தாண்டாது.

இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு கூத்து நடந்தது. உங்களைப் போல ரத்தப் புற்றுநோய் வந்தவர்கள் தினமும் எவ்வளவு நடக்கிறார்கள் என்று அளக்க, கையில் பட்டை கட்டிவிடுவதுதானே என் வேலை? ஒரு பெரியவருக்கு நாலாயிரம் காலடி காட்டியது. போய்ப் பார்த்தால், படுத்தபடியே கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார்.

"நடக்கலேன்னா மருந்தை நிறுத்திடுவாங்களாமே, கண்ணு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, டாக்டர் சொன்னபடி ஆய்வுப் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தேன்.

அப்போதுதான் உங்களுக்கு நான் அனுப்பிய பட்டை நினைவுக்கு வந்து உறைத்தது. ஒரு மாதமாக அதன் கணக்கு என் போனுக்கு வருகிறது. தினமும் மூவாயிரம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். நேரத்தைப் பார்த்தால், அத்தனையும் காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும். அம்மா வேலைக்குப் போய்வரும் நேரம். யார் யார் அப்பாவையோ கையும் களவுமாகப் பிடிக்கிற எனக்கு, சொந்த அப்பாவைப் பிடிக்க ஒரு மாதம் ஆயிற்று. நல்ல மகள்!

உங்கள் பழைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள், இங்கே குளிர். துவைக்க வேண்டாம்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். பட்டையை அம்மா கையிலிருந்து கழற்றி நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். பூஜ்யம் வந்தாலும் சரி, அது உங்களுடையதாக வரட்டும்.

உங்கள் மகள்