கித்துள் கருப்பட்டியும் அப்பாவின் சிறுநீரகமும்

பிள்ளையார் துணை

கண்டி

அன்புள்ள மகன் மோகனராஜுக்கு,

அம்மா எழுதுவது. கத்தார் வெயிலில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்கக் கட்டுக்கலைப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம் என்று அப்பா சொல்கிறார், டொக்டர்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், அதனால்தான் கடிதம். அடுத்த வீட்டு ஆஸியா உம்மாவின் மருமகன் இப்ஹாம் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அப்பாவின் சீனி வியாதி உனக்குத் தெரியும், அதற்காக மனிதர் செய்யும் தியாகம் தெரியாது. டீயில் சீனியை அடியோடு விட்டுவிட்டார். வெறும் பிளேன்டீதான், கடித்துக்கொள்ள மட்டும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி, அதுவும் ஒவ்வொரு டீக்கும். கேட்டால், "கருப்பட்டி மரத்துல வர்றது, அது மருந்து" என்று எனக்கே பாடம் எடுக்கிறார். கரும்பு என்ன கல்லிலா முளைக்கிறது. கிளினிக் நாள் நெருங்கினால் மட்டும் கருப்பட்டியை விட்டு அவித்த கீரையும் நடையுமாக விரதம் தொடங்கிவிடும், கந்தசஷ்டிக்குக்கூட இந்தப் பக்தி இருந்ததில்லை. ரத்தத்தில் சீனி குறைந்திருக்கும், நர்ஸ் மெச்சுவாள், வெளியே வந்ததும் அந்தச் சந்தோஷத்துக்கு பேக்கரியில் ஒரு சீனி பனிஸ்.

இந்த முறை வந்த புது டொக்டரம்மா சிறுநீரையும் சோதிக்கச் சொன்னார். விரதம் அங்கே எடுபடவில்லை, புரதம் ஒழுகுகிறதாம். சிறுநீரகத்துக்குள்ளே ரத்தத்தை வடிகட்டும் மெல்லிய குழாய்கள் வருஷக்கணக்காகச் சீனி கூடிய ரத்தம் ஓடிப் பழுதாகிவிட்டன, பிரஷர் அதை இன்னும் கெடுக்கிறது என்றார். பிரஷர் குளிசையைத்தான் நம்மவர் தலை சுற்றவில்லையே என்று நிறுத்திவிட்டாரே. போதாக்குறைக்கு முழங்கால் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் குளிசை வேறு, அதுவும் சிறுநீரகத்துக்கு ஆகாதாம். ஆரம்பத்தில் வலி எதுவும் தெரியாதாம், இவருக்கு அதுவே வசதியாகிவிட்டது. இப்போதாவது சீனியையும் பிரஷரையும் இறக்கி, உப்பையும் கருவாட்டையும் குறைத்து, வலிக் குளிசையை விட்டால் இருப்பதைப் பல வருஷம் காப்பாற்றலாம், இல்லாவிட்டால் மெஷினில் போட்டு ரத்தம் சுத்தம் செய்ய வேண்டி வரும் என்று சொல்லிப் பேராதனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அதற்கு உன் அப்பா, "அதுக்கென்ன டொக்டர், கத்தார்ல மகன் இருக்கான், கேட்டா கிட்னி ஒன்னு குடுப்பான்" என்றார், ஏதோ லீவுக்கு வரும்போது டோர்ச் லைட் கொண்டுவரச் சொல்வது மாதிரி. மகனுக்குச் சீனி இருக்கிறதா என்று டொக்டரம்மா கேட்டார். அவன் கல்லு மாதிரி இருக்கான் என்று அப்பா சிரித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன லீவில் நீ சீனிக் குளிசையை பேக்குக்குள் ஒளித்து வைத்துப் போட்டதும், அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டதும் எனக்குத்தானே தெரியும். அப்பா மருந்து எடுக்க வரிசையில் நின்றபோது டொக்டரம்மாவிடம் தனியாகப் போய்க் கேட்டேன். சீனி உள்ள பிள்ளையிடம் சிறுநீரகம் எடுக்க மாட்டார்களாம்.

அன்றிலிருந்து உன் அப்பா ராசா மாதிரி நிம்மதியாகக் கருப்பட்டி கடிக்கிறார், பேராதனைக்கு வரவும் மறுக்கிறார். சாயந்தரமானால் கால் வீங்கிச் செருப்புக்குள் போவதில்லை. கேலியாக எழுதுகிறேனே தவிர எனக்குப் பயமாக இருக்கிறது மகன். உன்னை நினைத்தாலும் பயம்தான். நீயும் வருஷம் ஒரு தடவை சிறுநீர் சோதித்துப் பார், ரத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படாதே.

பிள்ளையார் உன்னை நூறு வயது வாழவைக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது அப்பா உன்னிடம் கேட்பார், பாசத்தில் சரி என்று சொல்லிவிடாதே. உனக்கும் சீனி என்று உன் வாயால் சொல். அவருக்கு இருப்பது அவருடைய இரண்டு சிறுநீரகமும்தான் என்று தெரிந்தால்தான் பேராதனை பஸ்ஸில் ஏறுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானேஸ்வரி