விரல் குழறுது

மார்ச் 4, செவ்வாய்

ஐந்தரைக்கு விழிப்பு வந்தபோது வலது கை என்னுடையதாக இல்லை. கன்னத்துக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. இடது கையால் தூக்கி மடியில் வைத்தேன். உதறினேன். முதலில் எறும்பு ஊர்ந்தது, பிறகு ஊசி குத்தியது, அப்புறம் விரல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கட்டைவிரல்தான் எப்போதும் கடைசி. எழுந்து நின்றால் இடது காலும் மரத்திருந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததா? வலது பக்கம் மொத்தமாக விழுந்து ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தார். கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது அவர் இல்லை.

இவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன, இரண்டு பேரும் பயப்படுவதற்கா?

மார்ச் 5, புதன்

பார்லரில் இன்று ஏழு தலை. ஐந்தாவது தலையில் கத்தரி நழுவித் தரையில் விழுந்தது. பக்கத்து நாற்காலியில் வேலை செய்யும் சுருட்டை (ஊரார் முடியையெல்லாம் நீட்டிவிடுவாள், அவள் முடி மட்டும் யாருக்கும் அடங்காது) எடுத்துக் கொடுத்தாள். "என்னக்கா, கத்தரி கோவிச்சுக்கிட்டு இறங்கிப் போகுது?"

சிரித்து வைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று மாட்டிக்கொண்டேன்.

இவருக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகக் கையால்தான் பேசிக்கொள்கிறோம். அதில் ஒரு சௌகரியம், நீ, நீங்க என்ற வித்தியாசமே கிடையாது. விரலை நீட்டினால் முடிந்தது. மரியாதையெல்லாம் இந்த நோட்டில் எழுதும்போதுதான்.

துணி மடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்து, "உன் பேச்சு குழறுது" என்றார்.

"என்ன குழறுது?"

"போன மாசத்திலேருந்தே. கட்டைவிரல் பாதி வழியில நின்னுடுது. நேத்து நீ 'நாளைக்கு'ன்னு சொன்னே. எனக்கு 'போதும்'னு தெரிஞ்சுது. எதைப் போதும்ங்கறேன்னு ரொம்ப நேரம் யோசிச்சேன்."

வேலை அலுப்பு என்றேன். நம்பவில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற ஆள். மயிரிழை பிசகினாலும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது. என் இரண்டு உள்ளங்கையையும் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து வைத்தார். இடது கட்டைவிரலுக்குக் கீழே மேடு. வலதில் அந்த இடம் பள்ளமாக இருந்தது.

"இங்க இருந்த சதை எங்க?"

நாள் முழுக்க இந்தக் கையோடுதான் இருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. இவருக்குத் தெரிந்திருக்கிறது. ஊரில் யாருக்காவது இப்படிக் கேட்கிற புருஷன் இருக்கிறானா?

மார்ச் 14, வெள்ளி

நரம்பு டாக்டரம்மாவிடம் போனோம். இவர் சொல்வதை வாயால் எடுத்துச் சொல்ல வேண்டியவள் நான். நோயாளியும் நானே. இந்தக் கூத்து யாருக்கும் வரக் கூடாது.

"தூக்கத்துல அப்பப்ப மரத்துப் போகும், டாக்டர். உதறினா சரியாயிடும்" என்றேன்.

இவர் என் முழங்கையைத் தட்டினார். கை வேகமாக ஓடியது: மூணு மாசமா தினம் ரெண்டு தடவை எழுந்து உதறுறா. கட்டில் ஆடும், நான் முழிச்சுப்பேன். தூங்கற மாதிரி கிடப்பேன், ஏன்னா அவளாச் சொல்லட்டும்னு. காலையில காலை இழுத்து நடக்குறா. சட்டைப் பட்டன் போட முடியாம பாப்பாவைக் கூப்பிடுறா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாதமாகவா? முழித்துக்கொண்டா?

டாக்டரம்மா, "என்ன சொல்றார்?" என்றார்.

"எனக்கு... அடிக்கடி மரத்துப் போகுதுன்னு சொல்றார்."

இவர் டாக்டரம்மா முகத்தைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். "நான் இவ்வளவு சொன்னேன். நீ இத்தனூண்டு சொல்லியிருக்கே." உடனே மேசையிலிருந்த பேனாவை எடுத்து, மருந்துச் சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் முழுவதையும் எழுதி நீட்டிவிட்டார். டாக்டரம்மா இரண்டு முறை படித்தார். "என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேரு, எத்தனை நாளாங்கறதைக்கூடச் சரியாச் சொல்ல மாட்டாங்க. இவரை உங்களோட எப்பவும் கூட்டிட்டு வாங்கம்மா."

பக்கவாதம் இல்லை. அதைக் கேட்டதும் அங்கேயே அழுதுவிட்டேன். இவர் விஷயம் தெரியாமல் பதற, நான் அழுதுகொண்டே கையால் சொல்ல, அதுவும் குழறி — டாக்டரம்மாவே கட்டைவிரலை உயர்த்திக் காட்டிச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

கால் மரப்பது சின்ன விஷயமாம். ஒரு காலின் மேல் ஒரு காலைப் போட்டுச் சுருண்டு படுப்பதால் முழங்கால் பக்கத்தில் நரம்பு அழுந்துகிறது. நடுவில் தலையணை வைத்தால் போதும். கைதான் அப்படியில்லை. மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. தூங்கும்போது கையை மடித்தால் இன்னும் நெரியும். கத்தரி பிடித்தே பதினேழு வருஷமாயிற்றே.

மார்ச் 21, வெள்ளி

நரம்பில் சின்னச் சின்னதாகக் கரண்ட் விட்டுப் பார்த்தார்கள். முடிவு வந்துவிட்டது. பட்டை கட்டிப் பார்க்கிற கட்டம் தாண்டிவிட்டதாம். மணிக்கட்டில் கீறி நரம்புக்கு இடம் விட வேண்டும்.

மாட்டேன்னு சொல்லிட்டேன். கத்தி கொஞ்சம் தப்பினா? விரல் அப்படியே நின்னுட்டா? வேலை போனாப் போகட்டும், வேற ஏதாவது பாத்துக்கலாம். இவரோட நான் எதை வச்சுப் பேசுவேன்? ஊர்ல எல்லாரும் வாயால பேசிக்குவாங்க. எங்களுக்கு இருக்கறது இதுதானே.

"பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"ஆமா."

"எனக்கும்."

வற்புறுத்தவில்லை. ஒரு பேச்சு கூடுதலாகப் பேசியிருந்தால் நான் கத்தியிருப்பேன்.

மார்ச் 27, வியாழன்

வாடிக்கையாக வரும் டீச்சரம்மாவின் காது நுனியைக் கத்தரி கடித்துவிட்டது. கொஞ்சம்தான் ரத்தம். அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார்: "விடுங்க, காது ரெண்டு இருக்கு." முதலாளியம்மா என்னை முன்மேசைக்கு அனுப்பி, போன் எடுக்கச் சொன்னார். கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "தேதி வாங்குங்க" என்று சொன்னேன். இப்பவாவது தோணிச்சே என்று ஒரு பார்வைகூட இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஏப்ரல் 2, புதன்

முடிந்தது. இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. ஆனாலும் இதை எழுதாமல் விட முடியாது.

கையை மட்டும் மரக்கச் செய்தார்கள். முழு நினைவோடு படுத்திருந்தேன். நடுவில் பச்சைத் திரை. இவரை உள்ளே விடவில்லை. கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது. அதில் இவர் முகமும் இரண்டு கையும் தெரிந்தன. அந்தக் கை ஓயவேயில்லை. மூச்சு விடு. பல்லைக் கடிக்காதே. பாப்பா ஸ்கூலில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்ட கதை. ஒருத்தர் நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை வீடெல்லாம் தேடிவிட்டு, கடைசியில் இவர் கடைக்குப் புதுசு வாங்க வந்த கதை. நான் சிரித்துவிட்டேன்.

"அசையாதீங்கம்மா!" என்றார் டாக்டரம்மா.

நர்ஸ் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "என்னக்கா சொல்றாரு உங்க வீட்டுக்காரர்?"

"சிரிக்காம படுத்திருக்கச் சொல்றார்" என்றேன்.

சாத்திய கதவு வழியாகப் பெண்டாட்டிக்குக் கதை சொல்ல முடிந்த மனுஷன் வேறு யார் இருக்க முடியும்? காது கேட்கிற ஆளாக இருந்திருந்தால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துதானே இருந்திருப்பார்.

ஏப்ரல் 3, வியாழன்

வலி இருக்கிறது. ஆனால் மரக்கவில்லை. விடியும்வரை ஒரே தூக்கம்.

ஏப்ரல் 5, சனி

வலது கை மூட்டையாகக் கட்டிக் கழுத்தில் தொங்குகிறது. இடது கை ஒன்றால் பேசுகிறேன். பாதி வார்த்தைக்கு இரண்டு கை வேண்டும். திக்குகிறேன், நிற்கிறேன், எரிச்சலில் விட்டுவிடுகிறேன். இவர் அவசரப்படுத்துவதில்லை. வாக்கியத்தை எனக்குப் பதிலாக முடித்துவைப்பதும் இல்லை.

மத்தியானம்தான் கவனித்தேன் — இவரும் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இடது கையால்தான் பேசுகிறார். தப்பும் தவறுமாக. "தண்ணி வேணுமா"வுக்குப் பதிலாக வேறு ஏதோ கேட்டார். பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, உங்களுக்கும் கையில அடியா?"

"இல்ல. அம்மா திக்கறப்போ நான் மட்டும் கடகடன்னு பேசினா நல்லாவா இருக்கும்?"

பாப்பா அதை எனக்கு வாயாலும் சொன்னாள், எனக்குப் புரியவில்லையோ என்று. புரிந்தது. அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 16, புதன்

தையல் பிரித்தாயிற்று. உணர்ச்சி வந்துவிட்டது. கரைந்த சதை முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாதாம். "இன்னும் மூணு மாசம் விட்டிருந்தீங்கன்னா, நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார் டாக்டரம்மா. இவரைப் பார்த்துத்தான் சொன்னார். மொழிபெயர்த்தேன். இந்தத் தடவை ஒரு எழுத்து குறைக்காமல்.

மே 20, செவ்வாய்

மறுபடி நாற்காலி. மூன்று தலை மட்டும். சுருட்டை முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். "காது ரெண்டும் பத்திரம்க்கா" என்றாள். அவள் முடி எனக்கும் அடங்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இன்று எங்களுக்குள் பெரிய சண்டை. முன்னறைக்குப் பச்சை அடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார், ஆஸ்பத்திரித் திரை மாதிரி ஒரு பச்சை. வெள்ளைதான் என்றேன். உங்களுக்கு நிறமே தெரியாது என்றேன். பூத்தொட்டிக்கு இவர் ஊதா அடித்த விவகாரத்தை இழுத்தேன், இவர் அக்கா வீட்டுச் சுவரை இழுத்தேன், கல்யாணத்துக்கு இவர் போட்டு வந்த சட்டையையும் விடவில்லை. உள்ளங்கையில் உள்ளங்கை அடித்த சத்தத்தில் பாப்பா எட்டிப் பார்த்து, "கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன், படிக்கணும்" என்றாள்.

பாதியில் இவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. மேல திட்டு."

திட்டினேன்.