எல்லம்மா கூரையேறிய காலை

விகாரி வருஷம் வைகாசி மாதம் பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்திலிருந்து நைனா செங்கல்வராயன், பத்தாவியாவில் ஒல்லாந்தர் கும்பினிக்குக் கொத்து வேலை செய்யும் மகன் கோதண்டத்துக்கு ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், அங்கே நீ உடம்பு நோகாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். மூன்று பேர் என்று தப்பாக எழுதவில்லை. உனக்கு மகள் பிறந்து பதினோரு நாள் ஆகிறது.

நீ தையில் கப்பலேறியதிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. முந்தின வருஷம் கத்திரி வெயிலில் உங்கள் மூத்த பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாளே உடம்பு கொதித்து இறந்துபோனது கண்ணிலேயே நின்றது, உன் பெண்டாட்டி எல்லம்மாவின் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் பயம் வந்தது. அவளுக்கு ஒரு குளிர்ந்த அறை கட்டிவிடுவது என்று கொல்லையில் தோண்ட ஆரம்பித்தேன். ஆழத்து மண்ணுக்கு வெயில் தெரியாது, ஆள் மட்டம் இறங்கலாம் என்று நினைத்தால் முழங்கால் ஆழத்திலேயே ஏரித் தண்ணீர் உப்பாக ஊறிவிட்டது. அதனால் ஊற்றுக்கு ஒரு சாண் மேலே தரை போட்டு, நான்கு சுவருக்கும் வெளியே மார்பு உயரத்துக்கு மண்ணை அணைத்தேன். கூரைக்கு வழி சொன்னது நம் சுண்ணாம்புத் தொட்டிகள்தான். கொட்டகைக்குள் இருக்கும் தொட்டியைவிட வெட்டவெளித் தொட்டியில் விடிகாலைத் தண்ணீர் சில்லென்று இருக்கும், மேகம் மூடிய ராத்திரியானால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வெறும் வானத்தைப் பார்த்துக் கிடந்தால் சூடு மேலே போய்விடுகிறது என்று எனக்குப் பட்டது. ஆகவே கிளிஞ்சல் சுண்ணாம்பில் தளம் போட்டு, ஓரம் கட்டி, நான்கு விரல் தண்ணீர் நிறுத்தினேன். பொழுது சாய்ந்ததும் திறந்துவிட வேண்டும், சூரியன் வருமுன் ஓலைத் தட்டிகளால் மூட வேண்டும். மூட மறந்தால் அந்தத் தண்ணீரே கொதித்து அறையை அவித்துவிடும்.

மறந்துவிட்டேனப்பா. கோட்டையில் மதில் சரிந்ததென்று இருட்டிலேயே ஆள் வந்து அழைத்துப் போனான். அங்கே சுண்ணாம்பு குழைக்கும்போதுதான் தட்டி ஞாபகம் வந்தது. ஓடிப் போய்வருகிறேன் என்று மேஸ்திரி தங்கவேலிடம் கேட்டேன். “இன்னா செங்கல்வராயா, மதிலு வாயைப் பொளந்துக்கினு நிக்குது, உனக்கு ஊட்டு ஞாபகமா?” என்று மறித்தான். கரண்டியை வீசிவிட்டு ஏரிக்கரையோடு ஓடிவந்தேன். வந்தால் தட்டிகள் எல்லாம் வரிசையாக மூடிக் கிடக்கின்றன, ஏணியடியில் எல்லம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எட்டு மாத வயிற்றோடு ஏறலாமா என்று கத்திவிட்டேன். “நீங்க வர்ற வரைக்கும் வெயிலு காத்துக்கினு இருக்குமா மாமா?” என்றாள், அதற்குமேல் வலி அவளைப் பேசவிடவில்லை. மருத்துவச்சி மாரி வந்து அவளை அந்தக் குளிர்ந்த அறைக்குள் கொண்டுபோனாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குக் குழந்தை பிறந்தது, என் இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும், அழவே இல்லை. மாரி பாதத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள், நான் வெளியே மண்ணைப் பிசைந்துகொண்டே இருந்தேன், பிறகுதான் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எல்லம்மாவுக்கு மூன்று நாள் காய்ச்சல். வெளியே மணல் காலைச் சுட்டது, உள்ளே தரை சில்லென்று இருந்தது, அவள் போர்வை கேட்டாள். “இந்த அறை இல்லாட்டி ரெண்டையும் வாரிக் குடுத்திருப்போம்” என்றாள் மாரி.

ஒன்பதாம் நாள் முழுக்க நான் அறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். அது கடந்தது. ஆனால் நேற்றிலிருந்து மேகம், தண்ணீர் குளிரவில்லை, நான் மறுபடி நடக்கிறேன். கோட்டை வேலைக்கு இனி வரவேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள், அதைப் பற்றி நீ கவலைப்படாதே, சுண்ணாம்பு சுட்டுப் பிழைத்துக்கொள்வேன். ஏணி ஏறியதை உனக்கு எழுதக்கூடாது என்று எல்லம்மா சொன்னாள். நீ எப்பேர்ப்பட்டவளை விட்டுப் போயிருக்கிறாய் என்று தெரியட்டும் என்றுதான் எழுதினேன். திரும்பும் கப்பலில் வா என்று அவள் கேட்கமாட்டாள், நான் கேட்கிறேன்.

அம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், நீ நீண்ட ஆயுசோடு இரு. ஒன்று மட்டும் மறக்காதே. உன் போன கடுதாசியில் என் முட்டிவலி வரைக்கும் விசாரித்திருந்தாய், அவளுக்கு ஒரு வரி இல்லை. பதிலில் முதல் வரியை அவள் பேரைப் போட்டு அவளுக்கே எழுது. நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருக்கும், அப்போது அவள் முகத்தைப் பார்க்காமல் படிப்பேன்.

உன் நைனா,
செங்கல்வராயன்