தீர்ப்புக்கு முன் காய்ந்த கொடி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நான் நலம், தையல் மெஷின்கள் நலம், உங்கள் அக்காவின் வாயும் வழக்கம்போல நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதை உங்கள் கடிதம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டது. உச்ச நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து வேலை பார்ப்பவர் பெண்டாட்டிக்கும் சுருக்கித்தான் எழுத வேண்டுமா?

இதை உங்களுக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம். தீர்ப்பை டைப் செய்பவர்கள் அதை நீதிபதிகள் வாசித்து முடிக்கும்வரை நீதிமன்ற விடுதியை விட்டு வெளியே வரக் கூடாது, போனைத் தொடக் கூடாது, கடிதத்தைக்கூட அதிகாரி பார்த்துத்தான் கொடுப்பார் என்று போகும்போது சொன்னீர்கள். பார்க்கட்டும், தப்பில்லை. திரும்ப ஒட்டும்போது பசையை எழுத்தின் மேல் அப்பாமல் இருந்தால் புண்ணியமாகப் போகும். உங்கள் கையெழுத்து முக்கால்வாசி பசைக்குள் போய்விட்டது.

ஐயாவும் படிப்பதால் நடந்ததை ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறேன். குடைச் சின்னக் கட்சி இரண்டாக உடைந்து, குடை தலைவரான மாமனாருக்கா அவர் மருமகனுக்கா என்ற வழக்கு உங்களிடம் வந்திருக்கிறது. இரண்டு அணியும் கொடிக்கு நம் பட்டறையில்தான் சொல்லி வைத்திருக்கின்றன. இரண்டு கொடியிலும் ஒரே குடைதான், அடியில் இருக்கும் முகம்தான் வேறு. தீர்ப்பு வந்த பிறகுதான் அச்சடிப்பேன் என்று இரண்டு பக்கத்து ஆட்களிடமும் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் புதுத் துணி வந்து இறங்கியது. புதுத் துணி வந்தால் சாயம் பிடிக்கிறதா என்று நாலு துண்டு அடித்துக் காயப்போட்டுப் பார்ப்பது நம் பட்டறைப் பழக்கம். உங்களுக்குத் தெரியும், ஐயாவுக்குத் தெரியாது. பிரிண்டர் அண்ணன் மருமகன் முகம் உள்ள அச்சு ஸ்கிரீனில் அடித்து மாடியில் காயப்போட்டார். ஏன் மருமகன் என்றால், மாமனாரின் ஸ்கிரீன் தயாராகவே இல்லை. அவர் ஆட்கள் படத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். முடி கறுப்பாக வேண்டும் என்றார்கள், கறுப்பாக்கினோம். இப்போது தாடையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுங்கள் என்கிறார்கள். அந்த வயதில் இறங்கிவிட்ட தாடையை நான் எதைக் கொண்டு தூக்குவது?

நடந்தது இவ்வளவுதான். எதிர் டீக்கடையில் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, தீர்ப்பு டைப் அடிக்கிறவர் சம்சாரமே மருமகனுக்கு அடிக்குது, இன்னும் என்னய்யா சந்தேகம் என்று கேட்டாராம். சாயங்காலத்துக்குள் பஸ் முதலாளி மாலையோடு மருமகன் வீட்டு வாசலில் நிற்கிறார். அவருக்குப் பின்னால் சாலை கான்ட்ராக்டர், அவருக்குப் பின்னால் ஜல்லி வியாபாரி. முந்தின நாள்வரை மாமனாரைத் தெய்வம் என்று சொன்ன கவுன்சிலர்கள் ஏழெட்டுப் பேர் மூச்சுக்காட்டாமல் அணி மாறிவிட்டார்கள். அங்கே நீங்கள் ஒரு அறையில் உட்கார்ந்து டைப் அடிக்கிறீர்கள், இங்கே ஜல்லி லாரி வேறு பக்கம் திரும்புகிறது.

மறுநாள் பேப்பரில் ‘தீர்ப்பு கசிந்ததா?’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே நம் மாடியின் படம். கொடிக்குப் பக்கத்தில் உங்கள் கிழிந்த பனியனும் தெளிவாக விழுந்திருக்கிறது.

ஆகவே அதிகாரி ஐயா அவர்களே, என் வீட்டுக்காரர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதையே சொல்லாமல் எழுந்து போகிற மனிதர் அவர். அவருக்கு ஒரு கெடுதலும் வராமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

*

அன்புள்ளவருக்கு,

இதை அக்கா கையில் கொடுத்து அனுப்புகிறேன். உங்களைப் பார்க்க உடன்பிறந்தவர்களை மட்டும்தான் விடுவார்களாம், கொடி அடித்தவள் உள்ளே வரக் கூடாதாம். எனவே இந்தக் கடிதத்தில் அதிகாரிக்கு வணக்கம் கிடையாது.

தீர்ப்பு வந்துவிட்டது. குடை மருமகனுக்கு. கட்சியின் விதி என்ன சொன்னாலும், தேர்தலில் ஜெயித்து வந்த உறுப்பினர்கள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம்தான் கட்சி என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். இனிமேல் எல்லாக் கட்சிக்கும் இதுதான் சட்டமாம். கேட்டுவிட்டு அக்கா, அப்ப கட்சியை வளர்க்க வேணாம், ஆளை வளைச்சாப் போதும்னு சொல்லு என்றார். சட்டம் படித்தவர்கள்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். பட்டறையில் மருமகன் முகம் மலைபோல் குவிந்து கிடக்கிறது. மாமனார் ஆட்கள் தெருவில் என்னைப் பார்த்தால் காறித் துப்புகிறார்கள்.

தீர்ப்பு வந்தும் உங்களை வீட்டுக்கு விடவில்லை. கசிவு பற்றி விசாரிக்கிறார்களாம், திங்கட்கிழமை நானும் வந்து சொல்ல வேண்டுமாம். உங்கள் ஊழியர் சங்கத்து வக்கீல் வந்து எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். துணியைச் சோதித்ததை மட்டும் சொல்லுங்கம்மா, ஸ்கிரீன் ரெடியா இல்லைங்கறதைச் சொல்லுங்க, தற்செயல்னு முடிச்சுடுவாங்க, அவர் அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம் என்றார். அவர் சொல்லச் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. பொய் சொல்லச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன். அதிகாரி படிப்பாரே என்று கை வரவில்லை. நாங்கள் துணியைச் சோதித்ததற்கு முந்தின நாள், மருமகன் அணியில் எப்போதும் கறுப்புக் கண்ணாடியோடு திரிவாரே, அவர் பட்டறைக்கு வந்தார். கொடியை இரண்டு மடங்காகப் போடுங்கள் என்றார். தீர்ப்பு வரட்டுமே என்றேன். அதெல்லாம் வரும், உங்க வீட்டுக்காரர்தான் பாவம், வலது கையில கட்டுப் போட்டுக்கிட்டு டைப் அடிக்கிறாராமே என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சும்மா அளக்கிறார் என்று நினைத்தேன். உங்கள் கடிதத்தில் நலம் என்றுதானே இருந்தது.

நேற்று உங்களைப் பார்த்துவிட்டு வந்த அக்கா, மணிக்கட்டில் கட்டு, தீர்ப்பு எழுத ஆரம்பித்ததிலிருந்தே வீக்கமாம் என்று சொல்லி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, அந்தக் கண்ணாடிக்காரர் சிரித்ததுதான் நினைவுக்கு வந்தது.

என் கொடி மாடிக்கு ஏறும் முன்பே அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே இருப்பதை யாரோ அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இப்போது ஊரே நம் மாடியைக் காட்டுகிறது. அந்த யாரோ ஒருவர் நம் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். உங்கள் கையை அங்கே பார்த்தவர்கள் யார்? நீதிபதிகள் பார்த்திருப்பார்கள். அவர்கள் போய் கண்ணாடிக்காரரிடம் பேச மாட்டார்கள் என்று நம்ப ஆசையாக இருக்கிறது. கடிதம் கொண்டுவரும் அந்த அதிகாரி பார்த்திருப்பார். அவராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆனால் கிளம்புகிற அன்று, எவ்வளவு காலம்தான் அடுத்தவங்க சொல்றதையே எழுதிக்கிட்டு இருக்குறது, நமக்கும் ஒரு நேரம் வரும் பாரு என்று சொன்னீர்கள். அப்போது அது வெறும் அலுப்பாகத்தான் பட்டது. இப்போது அந்த வார்த்தையைப் போட்டு உலுக்கிக்கொண்டே இருக்கிறேன். உங்கள் சட்டைப் பைகளையெல்லாம் துழாவிவிட்டேன். பஸ் டிக்கெட்டும் தலைவலி மாத்திரையும்தான் இருந்தன. துழாவியதற்கு வெட்கமாக இருக்கிறது, எதுவும் கிடைக்காததிலும் நிம்மதி இல்லை. வக்கீல் மேல் சந்தேகம், பிரிண்டர் அண்ணன் மேல்கூடச் சந்தேகம் வந்து அவரிடம் எரிந்து விழுந்தேன்.

திங்கட்கிழமை நான் துணியைப் பற்றிச் சொல்வேன். கண்ணாடிக்காரர் சொன்னதையும் சேர்த்துச் சொல்வேன். வக்கீல் கோபித்துக்கொள்வார். அதனால் மாட்டப்போவது அந்த அதிகாரியா வேறு யாராவதா எனக்குத் தெரியாது. சொல்லாமல் விட்டால் நீங்கள் அன்றே வந்துவிடுவீர்கள், ஆனால் உங்களுக்குச் சோறு போடும்போதெல்லாம் நான் உங்கள் முகத்தைப் படித்துக்கொண்டிருப்பேன். அந்த வாழ்க்கை என்னால் முடியாது.

ஒரு கேள்வியை மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். ‘நான் இல்லை’ என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நான் அப்படியே நம்பிவிடுவேன். அது எனக்கே தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால் அக்காவிடம் எனக்குப் பதில் எதுவும் சொல்லி அனுப்பாதீர்கள். விசாரிக்கிறவர்களிடம் சொல்லுங்கள், நானும் உட்கார்ந்து கேட்கிறேன். உண்மை எதுவாக இருந்தாலும், உங்கள் வாயால் முழுசாக வர வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்களுக்காகக் காத்திருக்கும்
மனைவி